எல்லாம் அவர்தான்

கண்ணாடிக்காரருக்கு வாய்தான் பெரிய சொத்து. கடையின் முன்பக்கம் உட்கார்ந்து, வந்தவர் முகத்தில் ஒரு ஃபிரேமை மாட்டி, பின்னால் சாய்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதப் போட்டுட்டு வீட்டுக்குப் போனீங்கன்னா உங்க வீட்டு நாயே ஒரு நிமிஷம் யோசிக்கும் சார்" என்பார். வந்தவர் சிரித்துவிடுவார். சிரித்தவர் வாங்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

அந்த வாயை நம்பித்தான் அவர் விவாகரத்து வழக்கும் போட்டார். குடும்ப நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த குறைகளை ஒன்று விடாமல் கொட்டினார். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். விவாகரத்து கிடைத்தது. சொத்தென்று சொல்ல இருந்தவை ஒரு வீடும் ஒரு கடையும். வீடு மனைவிக்கு, கடை இவருக்கு என்று தீர்ப்பானது. அவர் கேட்டதும் அதுதான். துணிமணிகளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு மாடியறைக்குக் குடி போனார்.

அவள் அப்பீல் போனாள்.

விவாகரத்தை எதிர்த்து அல்ல. அதைப் பற்றி அவளுக்கு ஒரு புகாரும் இல்லை. இது அவரைக் கொஞ்சம் சுட்டது. ஒரு பேச்சுக்காவது எதிர்த்திருக்கலாமே என்று அவருக்கு. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வீட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும், கடை எனக்கு வேண்டும்.

"வீடு வேணாமாம்! கேட்டியா இந்தக் கூத்த?" என்றாள் அக்கா. "எந்தப் பொம்பளையாவது வீட்ட வேணாம்னு சொல்லுவாளா? அந்தக் கடைல அவளுக்கு என்னடா வேலை? ஒரு நாளாவது முன்னால வந்து நின்னிருப்பாளா? வாங்கன்னு ஒரு ஆளக் கூப்பிட்டிருப்பாளா? விட்டுக் குடுத்தேன்னா எம் மொகத்துல முழிக்காத."

அக்கா வீட்டுக்காரர் பேப்பரை விலக்காமலே கேட்டார். "தலைவலி போச்சா மாப்ள?"

"இல்ல அத்தான். காலைல எந்திரிச்சா நல்லா இருக்கு. கண்ணாடி போட்டதும் ஆரம்பிச்சிருது."

"அப்ப கண்ணாடிதான் சரியில்ல."

"நானே கண்ணாடிக்காரன் அத்தான்."

"அதான் நானும் பாக்கறேன்" என்று அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அத்தான் சொன்னதில் விஷயம் இருந்தது. அவள் போன பிறகு கடையின் பின் அறை பூட்டியே கிடந்தது. அங்கேதான் லென்ஸ் தேய்க்கும் மெஷின் இருந்தது, அதன் மேல் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழும் குழாய் இருந்தது, லென்ஸின் பவர் பார்க்கும் கருவி இருந்தது, எறும்பை விடச் சின்னத் திருகாணிகள் போட்டு வைத்த டப்பாக்கள் இருந்தன. அதையெல்லாம் கையாளத் தெரிந்தவள் இல்லாததால், அவர் ஃபிரேம்களைப் பெட்டியில் போட்டு வெளியே ஒரு பட்டறைக்கு அனுப்பினார். பெட்டி திரும்பி வரும். அவர் எடுத்துக் கொடுப்பார். வாங்கிப் போனவர் ஒரு வாரத்தில் வருவார்.

"படி மேல ஏறி வர்ற மாதிரி தெரியுதுங்க."

"புதுக் கண்ணாடின்னா அப்படித்தான் சார். பழகிடும்."

"தரை சரிவாத் தெரியுது."

"உங்க வீட்டுத் தரையே சரிவா இருக்கும். இத்தன நாள் தெரியாம இருந்துச்சு, இப்பத் தெரியுது."

முன்னெல்லாம் இதற்குச் சிரிப்பார்கள். இப்போது சிரிக்கவில்லை. பட்டறைக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் அடுத்த முகத்தைப் பார்த்தார். தன் முகத்திலேயே அந்தப் பட்டறையின் லென்ஸ்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை வசதியாக மறந்துவிட்டார். மனிதனுக்கு அது ஒரு வரம்.

ஆனால் கடை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு உள்ளுக்குள் இருந்தது. கடை என்றால் அவருக்குப் பணம் இல்லை. அந்த நாற்காலி. தெருவில் போகிறவர்களெல்லாம் "என்ன கண்ணாடிக்காரரே" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகும் அந்த இடம். வீட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? சுவரோடு பேசுவாரா? சுவர் சிரிக்காதே. அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் தனக்குப் பேரே இருக்காது என்று அவர் மனதார நம்பினார்.

பயத்தோடுதான் வக்கீலைப் போய்ப் பார்த்தார். வக்கீலின் அறையில் உட்கார இடம் தேட வேண்டும். நாற்காலிகளில் எல்லாம் வழக்குக் கட்டுகள் உட்கார்ந்திருக்கும். ஒரு கட்டைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு வக்கீல் சொன்னார்.

"நீங்க நிம்மதியா இருங்க. அப்பீல்னா என்னன்னு மொதல்ல புரிஞ்சுக்குங்க. அங்க புதுசா ஒரு சாட்சி கெடையாது, புதுசா ஒரு பேச்சு கெடையாது. கீழ்க்கோர்ட்ல யார் என்ன சொன்னாங்களோ, அந்தக் கட்டுதான் மேல போகும். அதப் படிச்சுப் பாத்துட்டு, கீழ இருந்தவர் சொன்னது சரியா தப்பான்னு சொல்லுவாங்க. அவ்ளோதான்."

"அன்னைக்குப் பேசினதுதான்னா நமக்கு நல்லதுதானே சார்?"

"அப்படிக் கேளுங்க! அன்னைக்கு நீங்க வெளுத்து வாங்கினீங்க. அந்தம்மா பேசினது மொத்தமே நாலு வரி. அதுலயும் ஒரு வரி நமக்குத் தங்கம்." வக்கீல் கட்டைப் பிரித்து, விரலை நக்கிக்கொண்டு புரட்டி, அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். "குறுக்கு விசாரணைல நான் கேட்டேன், ஞாபகம் இருக்கா? கடைய யாருங்க நடத்தறதுன்னு. பதில் பாருங்க. 'எல்லாம் அவர்தான். நான் சும்மா கூடமாட ஒத்தாசைக்கு.' கீழ்க்கோர்ட் நீதிபதி தீர்ப்புல இந்த வரியத்தான் எடுத்துப் போட்டிருக்கார். தன் வாயாலயே சொன்னதுக்கு மேல என்ன வேணும்?"

கண்ணாடிக்காரர் அன்று நன்றாகத் தூங்கினார்.

அப்பீல் விசாரணைக்கு வந்தது. மேல்கோர்ட் அறை பெரியது, உயரமானது, பேசினால் குரல் மேலே போய்த் திரும்பி வரும். காத்திருந்து காத்திருந்து ஜனங்கள் தேய்த்தே பெஞ்சுகள் பளபளத்தன. நீதிபதிகள் இரண்டு பேர். மூத்தவர் ஒரு அம்மையார், பக்கத்தில் இளையவர் ஒருவர். மூத்த நீதிபதியின் கண்ணாடி பேசப் பேச மூக்கின் நுனிக்கு வழுக்கி வந்தது. முகத்துக்கு ஃபிரேம் அகலம், காதுப் பக்கம் கொஞ்சம் வளைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று கண்ணாடிக்காரரின் விரல்கள் பரபரத்தன. எதிர்வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு. சும்மா இருந்து பழக்கமில்லாத கை. அதை எப்படி வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அவளுடைய வக்கீலம்மா எழுந்தாள். சின்னக் குரல். இவருடைய வக்கீல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் கட்சிக்காரர் சொன்னது எதையும் நான் வாசிக்கப் போறதில்லை" என்றாள் வக்கீலம்மா. "எதிர்த்தரப்புக் கணவர் சொன்னதை மட்டும்தான் வாசிக்கப் போறேன். கடையைப் பத்தி அவர் சொன்னதைக்கூட இல்லை. மனைவியப் பத்தி அவர் சொன்ன குறைகளை மட்டும்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்லதாகப் போயிற்று, மேலே இருப்பவர்களும் கேட்கட்டும்.

வக்கீலம்மா வாசித்தாள். "'காலைல நான் எந்திரிக்கும்போது அவ வீட்ல இருக்க மாட்டா. கடையத் தொறந்து பின் அறைக்குள்ள பூந்திருப்பா. காப்பி யாரு போட்டுக் குடுப்பாங்க? நானேதான் போட்டுக் குடிப்பேன்.'"

என்ன கோர்வையாகப் பேசியிருக்கிறோம் என்று அவருக்கே பெருமையாக இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா 'ச்சு' கொட்டினாள்.

"'ஒரு லென்ஸ் சரியா வரலைன்னா சாப்பிடக்கூட வர மாட்டா. நான் முன்னால தனியா உக்காந்து சாப்பிடுவேன், உள்ள மெஷின் ஓடிக்கிட்டிருக்கும். கடையப் பூட்டுனப்புறமும் ஓடும்.'"

"'எனக்குக் காய்ச்சல்னு படுத்திருந்தேன். கஞ்சி வெச்சுக் குடுத்துட்டுக் கடைக்குப் போயிட்டா. ஒரு கொழந்தையோட கண்ணாடி இன்னைக்குக் குடுத்தாகணும், அது நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணும்னா. கட்டின புருஷன் பெருசா, யார் வீட்டுக் கொழந்தையோ பெருசா?'"

"'எங்க கல்யாண நாள். வெளிய போகலாம்னு சொல்லியிருந்தேன். நல்ல சட்ட போட்டுட்டு வந்து பாத்தா, மெஷின் சரியில்லைன்னு அத அக்கக்காக் கழட்டிப் போட்டு நடுவுல உக்காந்திருக்கா. மூஞ்சியெல்லாம் எண்ணெய்.'"

மூத்த நீதிபதி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரருக்கு இப்போது எங்கேயோ இடித்தது. அன்றைக்குக் கீழ்க்கோர்ட்டில் இதே வார்த்தைகளுக்குத் தலைகள் அவருக்காக இரக்கத்தோடு ஆடின. இன்றைக்கு இளைய நீதிபதி அவளைப் பார்த்தார். பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை, மரியாதை இருந்தது. வார்த்தை ஒன்றுதான், வாசிக்கிற ஆள் மாறியதும் அது கட்சி மாறிவிட்டது.

"இன்னும் ஒண்ணுதான்" என்றாள் வக்கீலம்மா. "'எங்க சொந்தக்காரங்க முன்னால வெச்சு, இவருக்கு லென்ஸ் தேய்க்கத் தெரியாதுன்னு சொல்லிக் காட்டினா. என்னை அவமானப்படுத்தினா.'"

மூத்த நீதிபதி நிமிர்ந்தார். "அது உண்மையா? தெரியுமா, தெரியாதா? அதப் பத்திக் கேள்வி ஏதாவது பதிவாகியிருக்கா?"

"பதிவாகியிருக்கு. என் கட்சிக்காரரோட அப்போதைய வக்கீல் கேட்டிருக்கார். 'உங்களுக்கு லென்ஸ் தேய்க்கத் தெரியுமா?' பதில்: 'தெரியாது. தெரியாதுங்கறதுக்காகச் சொல்லிக் காட்டலாமா?'"

அறையே சிரித்தது. பிற்பாடு நினைத்துப் பார்க்கையில் அவருக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது. வாழ்க்கை முழுக்க ஜனங்களைச் சிரிக்க வைத்தவர், அன்றைக்கு முதல் முறையாக அதைத் தடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இவர் அடுக்கின குறைகள்ல பாதி, நாள் முழுக்க அந்தக் கடைய உள்ளேயிருந்து யார் ஓட்டினாங்கங்கறதுக்கு அத்தாட்சி" என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா உட்கார்ந்தாள்.

இவருடைய வக்கீல் காலாட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்தார். அனுபவசாலி. தடுமாறினாலும் வெளியே தெரியாது. கணவன் கோபத்தில் கூட்டிக் குறைத்துச் சொல்வது சகஜம், ஆனால் மனைவி நிதானமாகச் சொன்ன பதில் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்து, அந்தத் தங்க வரியை எடுத்து வாசித்தார். "'எல்லாம் அவர்தான். நான் சும்மா கூடமாட ஒத்தாசைக்கு.' இதுக்கு மேல நான் என்ன வாதாட?"

நீதிபதிகள் இருவரும் தலையைச் சாய்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூத்தவர் வழுக்கிய கண்ணாடியை மேலே தள்ளினார். "அந்த ஒரு வரிதான் இடிக்குது. அதத் தாண்டிப் போறது கஷ்டம். சாப்பாட்டுக்கு அப்புறம் அதப் பத்தி மட்டும் கேக்கறோம். நடுவுல ரெண்டு பேரும் பேசிப் பாக்கறதுன்னாப் பேசிப் பாருங்க."

வெளி வராந்தாவில் வக்கீல் அவர் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா? அந்த வரி நம்மளக் காப்பாத்திரும். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நீங்க பேசாம இருந்தாப் போதும்." அக்காவும் அதையே சொல்லிக்கொண்டு கூடவே வந்தாள். அத்தான்தான் "வா, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம், வாய் வலிக்குதில்ல" என்று அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார்.

வராந்தாவின் கடைசியில் ஒரு பெஞ்சு. அவள் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தாள். அவர் மறுமுனையில் உட்கார்ந்தார். நடுவில் இன்னும் ஒரு குடும்பமே உட்காரலாம்.

"சாப்பிட்டியா?" என்றார். பழக்கம்.

"பசியில்ல. நீங்க?"

"தலவலி."

பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர் அவர்தான் என்பதால் அவரே ஆரம்பித்தார்.

"வீடு உனக்குத்தானே வந்துச்சு. நல்ல வீடு. வேற கடைல போய்த் தொழில் பண்ணலாமே. உன் கைக்கு எவன் வேலை தர மாட்டேம்பான்?"

"கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தேன்." அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பெட்டில வரும், தேய்ச்சுப் பெட்டில போட்டு அனுப்பணும். யாரு மொகத்துல உக்காரப் போகுதுன்னே தெரியாது. அது எனக்கு வரல."

"மொகம் எதுக்கு? அளவுதான் எழுதி வருதே."

"நம்ம கடைல பின் அறைத் திரை இடுக்குல நான் பாப்பேன்ல."

"என்னத்தப் பாப்ப?"

அவள் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள். இது தெரியாதா என்கிற ஆச்சரியம் அவள் முகத்தில் இருந்தது. "நீங்க சிரிக்க வெப்பீங்க. ஆளுங்க சும்மா உக்காந்திருக்கும்போது கண்ணாடி ஒரு எடத்துல இருக்கும். சிரிச்சாக் கன்னம் ஏறி அதத் தூக்கும். எவ்ளோ தூக்குதுன்னு பாத்துட்டுத்தான் மூக்கு ரப்பர சரி பண்ணுவேன், லென்ஸ வெட்டுவேன். யாரும் நாள் முழுக்க உம்முன்னு இருக்கப் போறதில்லையே. அதான் நம்ம கண்ணாடி யாருக்கும் நழுவாது."

அந்தத் திரைக்குப் பின்னால் அவள் தன் பேச்சை வெறுத்து மெஷினைப் போட்டுக்கொள்கிறாள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். அதைக் கூண்டில் ஏறிச் சொல்லவும் செய்தார். அவள் ஒவ்வொரு ஜோக்கையும் கேட்டிருக்கிறாள். கேட்டு, அதை வைத்து வேலை பார்த்திருக்கிறாள். சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. சொல்லியிருந்தாலும் தான் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம்.

"சரி, அப்ப அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "எல்லாம் அவர்தான்னு? கோர்ட்ல ஏறி நின்னுக்கிட்டு? உன் தலைல நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டியே!"

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

"நானா?"

"கடை தொறந்த புதுசுல ஒரு பெரிய மீசைக்காரர் வந்தாரு. உங்ககிட்ட ஒண்ணு கேட்டாரு, உள்ள எட்டிப் பாத்து எங்கிட்ட ஒண்ணு கேட்டாரு. நான் ஒண்ணு சொல்ல, நீங்க வேற சொல்ல, நம்ம ரெண்டு பேரையும் மோத விட்டுட்டு, கடைசில வாங்காமப் போயிட்டாரு. அன்னைக்குச் சொன்னீங்க. கடைன்னா ஒரு மொகம்தான் இருக்கணும். யாரு வந்து என்ன கேட்டாலும், எல்லாம் அவர்தான், நான் சும்மா கூடமாட ஒத்தாசைக்குன்னு சொல்லிட்டு என்னைக் கைகாட்டிடுன்னீங்க. அதுலேருந்து அதத்தான சொல்றேன்."

அவருக்கு மீசை ஞாபகம் வந்தது. மீசையைத் தொடர்ந்து மீதியும் வந்தது. எத்தனை பேர் திரையை விலக்கி, "லென்ஸ் பிரமாதம்மா" என்றிருக்கிறார்கள். எத்தனை தடவை உள்ளேயிருந்து அந்தப் பதில் வந்திருக்கிறது. அவர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாராட்டைக் கூச்சமில்லாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது கடை. இது கோர்ட்டு!"

"தெரியும். கருப்புக் கோட்டுப் போட்டவர் நேரா வந்து நின்னு, கடைய யாருங்க நடத்தறதுன்னாரு. வாயில அதுதான் வந்துச்சு. சொல்லி முடிச்சப்புறம்தான் ஐயோன்னு ஆச்சு." அவள் மறுபடி நகத்தைப் பார்த்தாள். "நீங்க வேற எதிர்லயே உக்காந்திருந்தீங்க. உங்களப் பாத்துக்கிட்டு, நான்தான்னு எப்படிச் சொல்றது?"

மணி அடித்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் எழுந்திருக்கவில்லை. அதே கூண்டில், அதே நாளில், அவளுக்கு முன்னால் ஏறியது அவர். அவளை எதிரில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அத்தனையும் பேசினார். ஒரு இடத்திலும் நாக்குத் தடுக்கவில்லை.

வக்கீல் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

நீதிபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "கணவர் தரப்பு. நீங்க அந்த ஒரு வரியத்தான் நம்பியிருக்கீங்க. இல்லையா?"

"ஆமாம், அதுவே போதுமானது" என்று எழுந்தார் வக்கீல்.

பின்னாலிருந்து அவருடைய கோட்டை யாரோ இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் கட்சிக்காரர்.

"சார், அந்த வரிய விட்டுருங்க."

"என்னது?"

"அத வெச்சு வாதாட வேணாம்."

வக்கீல் குனிந்தார். சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது ஒரு கலை. அவருக்கு அது வரும். "உங்களுக்குப் பைத்தியமா? அத விட்டா நம்ம கைல ஒண்ணுமில்ல. கடை போயிரும்."

போகும் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். நாற்காலி கண்ணில் நின்றது, தெருவைப் பார்த்தபடி, கைப்பிடியில் ரெக்சின் கிழிந்து. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வக்கீல் மீதியைப் பார்த்துக்கொள்வார். ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்கு என்றைக்கு வந்தது?

"அது அவ பேச்சில்ல சார். நான் கடைக்குச் சொல்லிக் குடுத்த பேச்சு. இந்தக் கட்டுல அவ பேச்சுன்னு ஒண்ணுமே இல்ல. ரெண்டு பக்கமும் என் வாய்தான்."

"இங்க புதுசா எதுவும் சொல்ல முடியாதுய்யா!"

"புதுசா ஒண்ணும் சொல்லல. பழசத் திருப்பி எடுத்துக்கறேன். அவ்ளோதான்."

"என்ன அங்க?" என்றார் மூத்த நீதிபதி.

வக்கீல் நிமிர்ந்தார். தொழிலில் நேர்மையானவர்தான், கட்சிக்காரர் சொன்னால் சொன்னதுதான். மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். "கனம் நீதிபதி அவர்களே, மனைவியோட அந்தப் பதில நாங்க எங்க வாதத்துக்கு ஆதாரமா வெச்சுக்கல. என் கட்சிக்காரரோட அறிவுறுத்தல்."

"அத வெச்சுக்கலைன்னா, உங்க கட்சிக்காரர் தானே சொன்னதுதான் மிச்சம். அதுக்கு என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியுதும்மா" என்று கண்ணாடிக்காரரே எழுந்து சொன்னார். கேட்காமலே பேசியதற்கு யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "நல்லாத் தெரியுது."

பின்வரிசையில் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

மூத்த நீதிபதி அங்கேயே தீர்ப்பைச் சொல்லி எழுத வைத்தார். விவாகரத்து நிற்கும். கடையைப் பற்றிய கீழ்க்கோர்ட் உத்தரவு ரத்து. கடை மனைவிக்கு, வீடு கணவருக்கு. ஒரு மாதத்துக்குள் இருவரும் சாவிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டபோது கண்ணாடிக்காரருக்கு அழுகை வந்தது. வரவிட்டார். அந்தக் கண்ணாடியில் பாதி தெரியாது, அழுததில் மீதியும் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் அக்கா அவரைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். அத்தான் மட்டும், "நான் கீழ நிக்கறேன் மாப்ள, மெதுவா வா" என்றார்.

அவள் வந்து நின்றாள். நன்றி என்று சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவள் சொல்லவில்லை. அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்புறம் இன்னும் கிட்டே வந்து பார்த்தாள்.

"இது யாரு போட்டுக் குடுத்தது?"

"பட்டறைல."

"ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரத்தயே தப்பா எடுத்திருக்கான். தலை வலிக்காம என்ன செய்யும்? கழட்டிக் குடுங்க."

கழற்றிக் கொடுத்தார். படிக்கட்டு, மரம், வண்டிகள், அவள் எல்லாம் ஒன்றாகக் கரைந்தன. தலைவலி விட்டது.

"முன்னால யார உக்கார வெக்கப் போற?" என்றார், அவள் இருந்த திசையைப் பார்த்து.

"தெரியல. சிரிக்க வெக்கற ஆளாப் பாக்கணும்."

தனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று சொல்ல வாய் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அடக்கினார். சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் தடவினார். எது பின் அறைச் சாவி என்று கண்ணுக்கும் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை. அவள் கடையில் இருந்த வரைக்கும் அந்தச் சாவி அவள் கையில்தான் இருந்தது.

அவள் கொத்தை வாங்கி, அதை மட்டும் தனியாகக் கழற்றிக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு மாசம் டைம் இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும். கண்ணாடி எப்பக் கெடைக்கும்?"

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அவள் வாய் திறந்து, 'எல்லாம் அவர்தான்' என்ற பழைய பதிலின் முதல் எழுத்து வரைக்கும் வந்து, நின்றது. அவருக்கு அது காதில் விழுந்தது. முகம் தெரியவில்லை என்றாலும் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"நாளன்னைக்கு வாங்க" என்றாள். "நான் குடுக்கறேன்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி இறங்கினார்.